விண்டோஸ் 11 போடும் முன் எதையெல்லாம் சோதிக்கணும்? டிடிபி கடை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டாங்கிள்

கோர்ட்ரோடு டிடிபி கேட்டது:

வணக்கம். பட்டுக்கோட்டையில் கோர்ட் பக்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். காலையில் வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டுவரும் மனு, பிரமாணப் பத்திரம் டைப்பிங். மதியத்துக்கு மேல் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கருமாதிக் கார்டு. நானும் இன்னொரு பெண்ணும்தான் வேலை பார்க்கிறோம்.

முன் டேபிளில் இருப்பது ஐ3-8100, எச்310 போர்டு, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, அதோடு 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10, 64 பிட். கேனான் எல்பிபி 2900 பிரிண்டர், ஒரு பழைய ஸ்கேனர் இதில் இருக்கு. ஆன்லைன் வேலை எல்லாம் இதில்தான். வக்கீல்கள் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி) கொண்டுவந்தாலும் இதில்தான் செருகுவோம்.

பின் டேபிளில் ஐ3-2120, 4 ஜிபி ரேம். இதுவும் விண்டோஸ் 10தான், ஆனால் 32 பிட். பேஜ்மேக்கர் 7 (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்), ரொம்ப வருஷத்துக்கு முன் வாங்கிய தமிழ் எழுத்துரு பேக்கேஜ் இரண்டும் இதில் இருக்கு. அந்த பேக்கேஜுக்கு ஒரு டாங்கிள், பின்பக்கம் அகலமான பிரிண்டர் போர்ட்டில் மாட்டியிருக்கும். டாங்கிளின் முதுகில் டாட் மேட்ரிக்ஸ் கேபிள். டாங்கிளைக் கழற்றினால் டைப்பிங் நின்றுவிடும். விற்ற கம்பெனியில் இப்போது போன் எடுக்க ஆள் இல்லை.

விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது என்று திரையில் வந்துகொண்டே இருக்கு. முன் டேபிளில் பிசி ஹெல்த் செக் (11-க்குத் தகுதியா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) ஓட்டினேன். பிராசஸர் சரி, ஆனால் டிபிஎம் 2.0 இல்லை, செக்யூர் பூட் இல்லை, தகுதி இல்லை என்று காட்டுகிறது. எங்களுக்கு சர்வீஸ் பார்ப்பவர், "ரெண்டுக்கும் 11 போட்டுத் தர்றேன், காலையில கொடுத்தா சாயங்காலம் வாங்கிக்கலாம், அந்தச் சோதனையைத் தாண்டிப் போட வழி இருக்கு" என்கிறார்.

ஆடி பிறந்தால் கல்யாண வேலை குறையும், அப்போது செய்யலாம் என்று நினைக்கிறேன். ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் ஒரு நாள் கூட கம்ப்யூட்டரை நிறுத்த முடியாது. அதற்குள் நான் என்னென்ன பார்த்து வைத்துக்கொள்ளணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மின்ட்காரன் பதில்:

முன் டேபிள் மெஷின் நல்ல மெஷின், அதைத் தூக்கிப்போட வேண்டாம். பின் டேபிள் மாதிரி பழைய மெஷின்களுக்கு நான் எப்போதும் லினக்ஸ் மின்ட் தான் சொல்வேன், லிப்ரே ஆபீஸில் யூனிகோட் (போன், இணையத்தில் உள்ள பொது எழுத்துமுறை) தமிழ் டைப்பிங் அருமையாக நடக்கும். ஆனால் உங்களுக்கு பேஜ்மேக்கரும் டாங்கிளும் இருக்கும்வரை அது உதவாது. அந்த வேலை யூனிகோடுக்கு மாறிய பிறகு யோசியுங்கள்.

---

குடந்தை சர்வீஸ் பதில்:

அம்மா, முதலில் ஒன்று. பின் டேபிள் கம்ப்யூட்டரை யாரிடமும் கொடுக்காதீர்கள். அதைப் பிறகு விளக்கமாகச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் அச்சகங்களுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் சர்வீஸ் பார்க்கிறேன். இந்த விஷயத்தில் எல்லோரும் பிராசஸர், ரேம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கடைக்காரர் அதிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. இன்று கடை திறந்ததிலிருந்து சாத்துவது வரை எந்தெந்தப் பொருளைத் தொட்டீர்கள், எந்த மென்பொருளைத் திறந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன், டாங்கிள், தமிழ் தட்டச்சு, பேஜ்மேக்கர், பில் போடும் மென்பொருள். ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு கேள்வி: 64 பிட் டிரைவர் இருக்கா? அதைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய சிடியோ, செட்டப் ஃபைலோ, கீயோ கையில் இருக்கா? ஹெல்த் செக் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும்தான் பேசும். அதில் பச்சை டிக் வந்தாலும் உங்கள் ஸ்கேனர் ஓடும் என்று அர்த்தம் இல்லை.

இப்போது முன் டேபிள். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப் வசதி), யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்), செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடுவது), பிறகு மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸர். இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து சேர்த்திருக்கிறார்கள், உங்கள் 8100 அதில் இருக்கு. (படிக்கும் மற்றவர்களுக்கு: ஏஎம்டி வைத்திருப்பவர்கள் நம்பரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரைசன் 5 2600 பட்டியலில் உண்டு, ரைசன் 3 2200ஜி கிடையாது. பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.)

டிபிஎம் இல்லை என்று காட்டுவது, உங்கள் போர்டில் அது அணைந்திருப்பதால்தான். கடையில் போய் தனிச் சிப் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் பொத்தானை அழுத்தி பயாஸுக்குள் (போர்டின் செட்டிங்ஸ் திரை) போங்கள். 'இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி' அல்லது சுருக்கமாக 'பிடிடி' என்று எங்கேயாவது இருக்கும், அதை எனேபிள் செய்யுங்கள். ஏஎம்டி போர்டில் இதே வசதி 'எஃப்டிபிஎம்' என்று இருக்கும்.

செக்யூர் பூட் வேறு கதை. விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று அடியுங்கள். 'பயாஸ் மோட்' என்ற வரியில் 'லெகசி' என்று இருந்தால், உங்கள் எஸ்எஸ்டி பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கு என்று அர்த்தம். செக்யூர் பூட் வேண்டுமென்றால் ஜிபிடி முறையில் இருக்கணும். டேட்டா அழியாமல் மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கு. ஆனால் அது எல்லா டிஸ்க்கையும் ஏற்காது. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள், டிரைவ்கள் பச்சைக் கட்டத்துக்குள் இருந்தால் அவை லாஜிக்கல் டிரைவ்கள், கருவி மறுத்துவிடும். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலும் மறுக்கும். பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய லெகசி முறையில் பூட் ஆக விடும் வசதி) மட்டும் அணைத்துவிட்டு வெளியே வராதீர்கள், எம்பிஆர் எஸ்எஸ்டி பூட் ஆகாது. பயப்பட வேண்டாம், திரும்ப ஆன் செய்தால் வந்துவிடும்.

அடுத்து, ரொம்பப் பேர் பார்க்காத ஓர் இடம். 'விண்டோஸ் செக்யூரிட்டி', 'டிவைஸ் செக்யூரிட்டி', 'கோர் ஐசொலேஷன்' என்று போய், 'மெமரி இன்டெக்ரிட்டி'யை ஆன் செய்து பாருங்கள். ஒத்துவராத டிரைவர் இருந்தால் அங்கேயே பெயரோடு பட்டியல் காட்டும். பழைய டாங்கிள், டோக்கன், வெப்கேம் டிரைவர்கள் இதில்தான் மாட்டும். புதிதாகப் போடும் 11-ல் இந்த வசதி பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகியிருக்கும், அந்த டிரைவர்களை ஏற விடாது. எது தகராறு செய்யும் என்று விண்டோஸ் 10-ல் இருக்கும்போதே தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

உங்கள் 2900-க்கு 64 பிட் டிரைவர் இருக்கு. இப்போது 64 பிட் விண்டோஸ் 10-ல் ஓடுவதால் அதே டிரைவர் 11-லும் ஓடும், எங்கள் வாடிக்கையாளர்கள் பலரிடம் ஓடுகிறது. செட்டப் ஃபைலை முன்கூட்டியே இறக்கி பென் டிரைவில் வையுங்கள். ஸ்கேனருக்கு டிரைவர் கிடைக்காவிட்டால் வியூஸ்கேன் என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், பல பழைய ஸ்கேனர்களை அது தன் சொந்த முறையில் ஓட்டும். காசு கொடுத்து வாங்கணும், ஆனால் சோதனைப் பதிப்பிலேயே உங்கள் ஸ்கேனர் ஓடுதா என்று தெரிந்துவிடும்.

பின் டேபிள். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் 32 பிட்டின் மேல் நேராக அப்கிரேட் செய்ய முடியாது, முழுக்க அழித்துத்தான் போடணும். அழித்ததும் டாங்கிளின் 32 பிட் டிரைவர் போச்சு, 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. உங்கள் சர்வீஸ்காரர் சொல்வது பொய் இல்லை, சோதனையைத் தாண்டி 2120-லும் 11 ஏறும், ஓடும். ஆனால் சாயங்காலம் திரும்பி வரும்போது டைப்பிங் இருக்காது. அது போக, தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. எதற்காக மாற்றுகிறோமோ அதுவே கையில் இல்லை.

யாராவது "யுஎஸ்பி டு பிரிண்டர் போர்ட் கேபிள் வாங்கி டாங்கிளைப் புது மெஷினில் மாட்டலாம்" என்று சொன்னால் வாங்காதீர்கள். அந்தக் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான். டாங்கிள் அந்தப் போர்ட்டோடு நேரடியாகப் பேசும், கேபிள் வழியாக அது நடக்காது.

இந்த மெஷின் 32 பிட் விண்டோஸ் 10-லேயே இருக்கட்டும். நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள், வைஃபை டாங்கிள் இருந்தால் அதையும். வாடிக்கையாளர் பென் டிரைவை நேராக அதில் செருக விடாதீர்கள். முன் டேபிளில் ஸ்கேன் செய்து, கடைக்கென்று வைத்திருக்கும் ஒரே பென் டிரைவில் மாற்றிக் கொண்டுபோங்கள். நெட் இல்லாத மெஷினுக்கு அப்டேட் நின்றது பெரிய விஷயம் இல்லை. அதைவிட அந்த ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. இந்த வாரமே அதை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு குளோன் எடுத்து, வேலை செய்கிறதா என்று மாட்டிப் பார்த்து, எடுத்து வையுங்கள்.

---

கோர்ட்ரோடு டிடிபி:

ரொம்ப நன்றி அண்ணா. பின் டேபிள் நெட் கேபிளை உடனே கழற்றிவிட்டேன். குளோனுக்கு டிஸ்க் சொல்லியிருக்கிறேன்.

முன் டேபிளில் பார்த்தேன். பயாஸ் மோட் லெகசி என்றுதான் இருக்கு. பிடிடி கிடைத்தது, எனேபிள் செய்ததும் ஹெல்த் செக்கில் டிபிஎம் வரி சரியாகிவிட்டது. செக்யூர் பூட் மட்டும் பாக்கி. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எஸ்எஸ்டியில் சி தனியாகவும், டி, ஈ இரண்டும் பச்சைக் கட்டத்துக்குள்ளும் இருக்கு. அப்போ அந்தக் கருவி ஆகாதா? மெமரி இன்டெக்ரிட்டியில் ஒரே ஒரு டிரைவர் காட்டுகிறது, டோக்கனுக்குப் போட்ட மென்பொருள் மாதிரி தெரிகிறது.

இன்னொன்று. பேஜ்மேக்கரை முன் டேபிளுக்கும் கொண்டுவரணும் என்று ஆசை. பின் டேபிள் ஒருநாள் நின்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. பாமினி எழுத்துருவில் டைப் செய்த பழைய பத்திரிகைகள் நிறைய இருக்கு. 11-ல் அது திறக்குமா?

---

பக்கவடிவம் பதில்:

அக்கா, பேஜ்மேக்கர் கேள்விக்கு நான் சொல்கிறேன். சிவகாசியில் காலண்டர், டைரி வேலை செய்கிறேன், 11-ல் பேஜ்மேக்கர் 7 தினமும் திறக்கிறேன்.

பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-ல், அதற்குப் பிறகு அடோபி புதுப் பதிப்பு கொண்டுவரவில்லை. ஆனாலும் அது 32 பிட் மென்பொருள், 64 பிட் விண்டோஸ் 32 பிட் மென்பொருளை ஓட்டும். டிரைவர்தான் 32 பிட் ஆகாது, மென்பொருள் ஆகும். இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 16 பிட் சமாசாரம் எதுவும் ஓடாது, சில பழைய மென்பொருள்களின் செட்டப் ஃபைல் மட்டும் 16 பிட்டாக இருக்கும், அங்கேயே நின்றுவிடும். அதனால் உங்கள் சிடியை முன் டேபிளில் இப்போதே, 10-லேயே இன்ஸ்டால் செய்து பாருங்கள். 64 பிட் 10-ல் ஏறினால் 11-லும் அநேகமாக ஏறும்.

பாமினி சாதாரண டிடிஎஃப் எழுத்துரு, அதற்கு டாங்கிள் வேண்டாம். ஆனால் ஃபைலை இரண்டு தடவை கிளிக் செய்து சும்மா இன்ஸ்டால் கொடுத்தால் அந்த ஒரு யூசருக்கு மட்டும் போய் உட்காரும், பேஜ்மேக்கர் மாதிரி பழைய மென்பொருளின் எழுத்துருப் பட்டியலில் வராமல் போகும். ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். "11 போட்டதும் பாமினி காணோம்" என்று என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பேஜ்மேக்கரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் தமிழ் தட்டச்சு மென்பொருளையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கணும். இல்லாவிட்டால் நோட்பேடில் தமிழ் வரும், பேஜ்மேக்கரில் மட்டும் ஆங்கிலம் வரும். கீபோர்டை மாற்றிப் பார்ப்பவர்கள்கூட உண்டு.

அப்புறம் பிரிண்டர். பேஜ்மேக்கரின் 'டாக்குமென்ட் செட்டப்'பில் 'கம்போஸ் டு பிரிண்டர்' என்று ஒன்று இருக்கு பார்த்திருப்பீர்கள். பின் டேபிளில் அங்கே என்ன பிரிண்டர், என்ன ரெசல்யூஷன் இருக்கோ எழுதி வையுங்கள். புது இடத்தில் அது மாறினால் வரி முறியும் இடம் நகரும். மனுவில் பரவாயில்லை. பத்திரிகையில் மணமகன் பெயருக்குக் கீழே வரவேண்டிய "பி.இ." அடுத்த வரிக்கு ஓடினால் அச்சடித்த பிறகுதான் யாராவது கண்டுபிடிப்பார்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்' என்பதையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கடைசியாக எதில் பிரிண்ட் கொடுத்தீர்களோ அதையே அது டீஃபால்ட் ஆக்கிக்கொள்ளும்.

பேக்கேஜில் வந்த எழுத்துருக்களில் செய்த வேலைகளுக்கு, டாங்கிள் உயிரோடு இருக்கும்போதே முக்கியமானவற்றை பிடிஎஃப் எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆர்டர் வரும் மாடல்களை முதலில். பிற்காலத்தில் இன்டிசைனுக்குப் போவதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சிஎஸ்6 வரை உள்ள இன்டிசைன்தான் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், அதற்குப் பின் வந்த சிசி திறக்காது.

---

குடந்தை சர்வீஸ்:

தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி, பிரிண்டர் விஷயம் முக்கியம்.

அம்மா, டி, ஈ இரண்டும் பச்சைக் கட்டத்தில் இருந்தால் கருவி மறுக்கும். அவற்றில் உள்ளதை 1 டிபிக்கு மாற்றி, அழித்து, பிறகு கருவி ஓட்டலாம். ஆனால் உங்கள் கடைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். புதிதாக ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய எஸ்எஸ்டி, 1 டிபி இரண்டின் கேபிளையும் கழற்றிவிட்டு, புதுசை மட்டும் மாட்டி, சிஎஸ்எம்-ஐ அணைத்து, செக்யூர் பூட் ஆன் செய்து, அதில் 11 போடுங்கள். மற்ற டிஸ்க் மாட்டியிருந்தால் பூட் ஃபைல்கள் அதில் போய் உட்காரும் வாய்ப்பு உண்டு, அதற்காகத்தான் கழற்றச் சொல்கிறேன். பிறகு 1 டிபியை மாட்டிக்கொள்ளலாம், டேட்டா டிஸ்க் எம்பிஆரில் இருந்தால் ஒன்றும் ஆகாது.

இப்படிச் செய்தால் பழைய எஸ்எஸ்டி தொடாமல் அப்படியே இருக்கும். அப்கிரேட் செய்தால் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம், அதற்குள் எல்லா வேலையும் ஒரு தடவை வந்துபோகும் என்று கடையில் சொல்ல முடியாது. டோக்கன் கொண்டுவரும் வக்கீல் பதினைந்தாம் நாள்தான் வருவார். இதில் எப்போது வேண்டுமானாலும் பழைய எஸ்எஸ்டியை மாட்டி, சிஎஸ்எம் ஆன் செய்தால் பழையபடி கடை ஓடும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் விண்டோஸ் 10 ஒழுங்காக ஆக்டிவேட் ஆகியிருந்தால் டிஜிட்டல் லைசென்ஸ் போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாற்றினாலும் அதே பதிப்பைப் போட்டால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ஹோம் இருந்தால் ஹோம், புரோ இருந்தால் புரோ, இப்போதே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக 11 போட்டால் 24எச்2 பதிப்பிலிருந்து 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாக ஆன் ஆகிவிடும். பிறகு என்றைக்காவது பயாஸில் கை வைத்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். செட்டிங்ஸில் அதைப் பாருங்கள், வேண்டாம் என்றால் அணையுங்கள், வேண்டும் என்றால் கீயை பிரிண்ட் எடுத்து பீரோவில் வையுங்கள். எந்தக் கணக்கு, என்ன பாஸ்வேர்ட் என்பதும் உங்களிடம் இருக்கணும், சர்வீஸ்காரர் தன் கணக்கில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

டோக்கன் டிரைவர் பட்டியலில் வந்தது நல்லதுதான், இப்போதே தெரிந்தது. டோக்கனின் மேல் மாடல் பெயர் இருக்கும், அதைத் தயாரித்தவர் தளத்தில் புதிய டிரைவர் இருக்கும். அதைப் போட்டுவிட்டு மெமரி இன்டெக்ரிட்டியைத் திரும்ப ஆன் செய்து பாருங்கள். அந்தப் பெயர் போய்விட்டால் முடிந்தது. ஏதாவது தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் திறக்கும் என்று இருந்தால், 11-ல் அது தனியாகக் கிடையாது, எட்ஜில் 'ஐஇ மோட்' இருக்கு, அதில் திறங்கள்.

---

கோர்ட்ரோடு டிடிபி:

புரிந்தது அண்ணா. பக்கவடிவம் தங்கச்சிக்கும் நன்றி, 'கம்போஸ் டு பிரிண்டர்' பார்த்தேன், டாட் மேட்ரிக்ஸ் பெயர் இருக்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன். ஆடி வரும்வரை முன் டேபிள் 10-லேயே நெட்டில் இருக்கே, அதற்கு என்ன செய்வது?

---

குடந்தை சர்வீஸ்:

விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறங்கள். 22எச்2 பதிப்பு என்றால் 'என்ரோல் நவ்' என்று ஓர் இணைப்பு தெரியும். அது கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம், தனிநபர் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசு இல்லை. அதைச் செய்துவிட்டு நிதானமாக ஆடியில் ஆரம்பியுங்கள். எஸ்எஸ்டி வாங்கும்போது உங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் இடம்) இருக்கா, அது சாட்டாவா என்விஎம்இயா (இரண்டு வகை இணைப்பு) என்று பார்க்க, போர்டு மாடலை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சில எச்310 போர்டுகளில் அந்த ஸ்லாட்டே இருக்காது.